டீசலா, மின்சாரமா? தோட்டத்துக்குப் போய்வரும் வாகனம் பற்றிச் சில கணக்குகள்

1990 ஆம் ஆண்டில் தீவுப்பகுதியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எல்லாமே ஊர் திரும்பிவிடவில்லை. யாழ்ப்பாண நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருந்துகொண்டு, காலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி, வேலணை ஆகிய இடங்களிலுள்ள தம் காணிகளுக்குப் போய், பொழுதுபட மீள்வோர் இருக்கிறார்கள். நகரிலிருந்து சாட்டிக்கு ஒரு வழிப் பயணம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம். வெங்காயம், மிளகாய், மரக்கறி எதுவானாலும் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். விதை, பசளை, சில நாட்களில் பிள்ளைகள், நோயாளிகள் என எல்லாரையும் எல்லாவற்றையும் ஏற்றியிறக்க ஒரு வாகனம் தேவைப்படுகிறது.

இந்தத் தேவையோடு இப்போது ஒரு கேள்வியும் சேர்ந்துள்ளது. டீசல் வாகனத்தையே வைத்திருப்பதா? பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் கலப்பு வாகனம் ஒன்றை வாங்குவதா? அல்லது முழுவதும் மின்சாரத்தில் ஓடும் வாகனத்துக்கு மாறுவதா? வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒரு ஆலோசனை சொல்கிறார். வாகனம் விற்பவர் வேறொன்று சொல்கிறார். தீர்மானம் தவறினால் கடனைச் சுமப்பவர் தோட்டக்காரரே. ஆகவே இதனை ஆறுதலாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

எமக்குப் பழக்கமான சிக்கல்

எரிபொருள் இல்லாமல் வாகனம் ஓட்டுவது பற்றி எமது மக்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கிய கைகள் இன்றும் எம்மிடையே உண்டு. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, சைக்கிளும் லான்ட்மாஸ்ரரும் எத்தனை குடும்பங்களைச் சுமந்தன என்பதும் மறந்துபோகக் கூடியதல்ல.

2022 இல் நாடு முழுவதும் இதே பாடத்தைப் படித்தது. 2021 இன் முடிவில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் 26 இல் அது 460 ரூபா ஆயிற்று. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களும் வரிசையிற் காத்து நிற்க வேண்டியிருந்தது. பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் ஒதுக்கப்பட்டன.

‘அப்படியானால் மின்சார வாகனம்தானே பாதுகாப்பு?’ என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டதையும் மறக்கக் கூடாது. மின்நிலையங்களுக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது, அதுவும் கிடைக்கவில்லை. எனவே டீசல் இல்லாத வாகனம் எண்ணெயின் பிடியிலிருந்து முற்றாக விடுபட்ட வாகனம் அல்ல. அதன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு வகை வாகனங்கள்

பெயர்கள் குழப்பம் தருவதால் அவற்றைப் பிரித்துச் சொல்கிறோம்.

1. டீசல் வாகனம்: வான், பட்டா, லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றை நாம் அறிவோம். பாரம் இழுக்கும். எந்தக் கராஜிலும் திருத்தலாம். எரிபொருளைக் கலனில் வாங்கிவந்தும் ஊற்றலாம்.

2. சாதாரண கலப்பு வாகனம்: டொயோட்டா பிரியஸ், அக்வா போன்றவை. பெற்றோல் மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சிறிய பற்றரியில் சேமித்து மீண்டும் பயன்படுத்தும். பெரும்பாலானவற்றைச் சுவரில் செருக முடியாது.

3. செருகிக் கலப்பு வாகனம்: இதில் பற்றரி சற்றுப் பெரியது. வீட்டில் செருகி மின்னேற்றினால் முதல் சில பத்துக் கிலோமீற்றர்களை மின்சாரத்தில் ஓடும். பின் பெற்றோலுக்கு மாறும்.

4. முழு மின்சார வாகனம்: எண்ணெயே வேண்டாம். பற்றரி முடிந்தால் மின்னேற்றும்வரை நிற்க வேண்டியதுதான்.

சாட்டிக்குப் போய்வரும் தூரம் செருகிக் கலப்பு வாகனத்துக்கு அளவெடுத்தது போலத் தோன்றும். மின்சாரத்திலேயே போய்வரலாம், கொழும்புக்குப் போனால் பெற்றோல் இருக்கிறது. ஆனால் ஒழுங்காகச் செருகினால்தான் இந்த நன்மை. ஐரோப்பாவில் ஓடும் இத்தகைய கார்களின் உண்மையான பாவனைத் தரவுகளை ஐரோப்பிய ஆணைக்குழு சேகரித்து 2024 இல் வெளியிட்டது. அவை வெளிவிடும் கரியமில வாயு, ஆய்வுகூட அளவீட்டில் காட்டப்பட்டதைவிடச் சராசரியாக மூன்றரை மடங்காக இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றாமல் பெற்றோலிலேயே ஓட்டியது இதற்கு முக்கிய காரணம். செருகாத செருகி வாகனம் பாரம் கூடிய பெற்றோல் கார்தான். இரண்டு பொறித்தொகுதிகள் இருப்பதால் பழுதுபார்க்க வேண்டியவையும் இரண்டு.

சக்தி எங்கே போகிறது?

ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. ஆனால் இயந்திரத்தில் எரியும்போது அதிற் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. சில்லைச் சுழற்ற எஞ்சுவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, நகர ஓட்டத்தில் அதிலும் குறைவு. மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் சக்தியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சில்லுக்குக் கொடுக்கும். இதனாற்றான் சிறிய மின்கார் ஒன்று ஓர் அலகில் ஆறு கிலோமீற்றர் அளவு ஓடுகிறது.

மின்வாகனத்துக்கு என்ஜின் ஒயில் மாற்றும் செலவு இல்லை. பிரேக் கட்டைகளும் மெதுவாகவே தேயும். புதிய டீசல் வாகனங்களிலோ புகைக்கரியைப் பிடிக்கும் வடி உண்டு. அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைத் துப்புரவாக்க நீண்ட ஓட்டம் தேவை. பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வாகனத்தில் அந்த வடி அடைத்துக்கொள்ளக் கூடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. வாசலில் வானை ஸ்ராட் செய்து விட்டுவிட்டுச் சாமான் ஏற்றும் பழக்கத்தையேனும் நாம் கைவிடலாம்.

ஒரு கணக்கு

இனிப் பணத்தைப் பார்ப்போம். இங்கு தரும் விலைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் கையிலுள்ள பற்றுச்சீட்டு விலையை வைத்து நீங்களே மீண்டும் கணக்கிட வேண்டும்.

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 25 கிலோமீற்றர் வீதம் வருடத்தில் 300 நாட்கள் சாட்டிக்குப் போய்வருகிறது என்போம். மொத்தம் 7,500 கிலோமீற்றர்.

டீசல் வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 750 லீற்றர் தேவை. லீற்றர் 300 ரூபா எனில் வருடச் செலவு 225,000 ரூபா.

மின்காருக்கு, மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 1,400 அலகு தேவை. அலகு 50 ரூபா எனில் செலவு 70,000 ரூபா.

மிச்சம் வருடத்துக்கு 155,000 ரூபா. நல்ல தொகைதான். ஆனால் கையில் உள்ள வானை விற்று மின்கார் வாங்க மேலதிகமாக 30 இலட்சம் ரூபா போட வேண்டியிருந்தால், அந்தப் பணம் திரும்பிவர 19 வருடங்களுக்கு மேலாகும். வட்டியை இதில் சேர்க்கவில்லை. பற்றரி அதற்கு முன்னரே வலுவிழந்துவிடும்.

இப்போது அதே வாகனம் ஒரு நாளில் நான்கு தடவை போய்வருவதாக எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 100 கிலோமீற்றர், வருடத்துக்கு 30,000 கிலோமீற்றர். டீசற் செலவு 900,000 ரூபா. மின்சாரச் செலவு 280,000 ரூபா. மிச்சம் 620,000 ரூபா. அதே 30 இலட்சம் ஐந்து வருடத்துக்குள் மீண்டுவிடும்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். மின்வாகனத்துக்குக் குறுந்தூரம் பொருத்தம். ஆனால் குறைவாக ஓடும் வாகனம் தன் விலையை மீட்டுத் தராது. ஆகவே குறுகிய பயணங்களைப் பல தடவை ஓடும் வாகனமே மின்சாரத்துக்கு ஏற்றது. தனிக் குடும்பம் ஒன்றின் கார் அப்படி ஓடாது. வாடகை முச்சக்கர வண்டியோ, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பயன்படுத்தும் வாகனமோ அப்படி ஓடும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சாட்டியும் வேலணையும் யாழ்ப்பாணத்தின் மின்வலையோடு சேர்ந்தவை. அந்த வலையில் மலைநாட்டு நீர்மின்சாரமும், நுரைச்சோலை நிலக்கரியும், எண்ணெயும், காற்றும், சூரிய ஒளியும் கலந்து வருகின்றன. ஆகவே இங்கு செருகப்படும் வாகனம் முற்றிலும் தூய்மையானதும் அல்ல, முற்றிலும் எண்ணெயில் ஓடுவதும் அல்ல.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் நிலை வேறு. இத்தீவுகள் அந்த மின்வலைக்கு வெளியே, படகில் ஏற்றிவரும் டீசலால் இயங்கும் மின்பிறப்பாக்கிகளை நீண்டகாலம் நம்பியிருந்தன. இத்தகைய பிறப்பாக்கி ஒரு லீற்றர் டீசலில் மூன்று அலகுக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். அதைக்கொண்டு மின்கார் ஓட்டினால், இழப்புகள் போக, லீற்றருக்குப் பதினைந்து பதினாறு கிலோமீற்றர் கிடைக்கும். இது நஷ்டமில்லை. ஆனால் டீசல் தீவுக்கு வந்தேயாக வேண்டும். இம்மூன்று தீவுகளுக்கும் 530 கிலோவாட் காற்று மின்சாரம், 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், பற்றரிச் சேமிப்பு ஆகியவற்றை அமைக்க இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் எவ்வளவுக்குக் கூடுகிறதோ, அவ்வளவுக்குத்தான் தீவின் மின்வாகனத்துக்கும் பொருள் உண்டு.

நோர்வேயில் இருக்கும் எமது உறவினர் மின்கார்களைப் புகழ்வதில் நியாயம் உண்டு. அங்கு 2024 இல் விற்பனையான புதிய கார்களிற் பத்தில் ஒன்பது அளவு முழு மின்கார்கள். ஆனால் அந்நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீரிலிருந்து வருகிறது. மின்கார்களுக்குப் பல ஆண்டுகள் வரிச்சலுகையும் கொடுத்தார்கள். எமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் கடும் வரியோடு. அவர்களின் கணக்கை அப்படியே எமது வளவுக்குக் கொண்டுவர முடியாது.

சொந்தக் கூரை இல்லாதவர்கள்

இதுவே எமது வாசகர்களிற் பலருக்குப் பெரிய தடை. வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ இருப்பவருக்கு மின்மானி வேறொருவர் பெயரில் இருக்கும். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட உயர்ந்த படிக்கு ஏறும். மாதம் 60, 70 அலகு பாவித்த வீட்டில் வாகனத்துக்காக மேலும் 115 அலகு சேர்ந்தால், எல்லாரது பட்டியலும் மேற்படிக்குப் போய்விடும். உறவுகள் கசப்பதற்கு இது போதும். வாகனத்துக்கென உபமானி ஒன்றைப் பொருத்தி, கூடிய கட்டணத்தை யார் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

கூரைச் சூரியத் தகடு சொந்த வீட்டுக்காரருக்கு நல்ல வழி. எமது வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு நான்கு அலகு அளவு தரும். மேலே சொன்ன, நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு நான்கு கிலோவாட் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மின்சபை வலையோடு இணைத்த சாதாரண சூரியத் தொகுதி, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் வேண்டுமானால் பற்றரிச் சேமிப்புக்குத் தனியாகப் பணம் தேவை.

சொந்தக் கூரை இல்லாத குடும்பங்கள் சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம், ஆலய மண்டபம் போன்ற பொதுக் கூரைகளைப் பற்றிச் சிந்திக்கலாம். கூரை பொதுவாகவும் வாகனம் பொதுவாகவும் இருந்தால் மேலே சொன்ன இரண்டாவது கணக்கு பொருந்தி வரும்.

சாட்டியின் தண்ணீரும் வாகனமும்

சாட்டியில் மணலுக்கும் சுண்ணக்கல்லுக்கும் இடையே மழைநீர் தங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. அந்த நன்னீரை நம்பித்தான் தோட்டமும் அயற் கிராமங்களின் குடிநீரும் இருக்கின்றன. மணலில் ஊற்றியது எதுவோ அது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெயால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் மின்னுற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. பாதிக்கப்பட்டோர் அதற்காகப் பல வருடம் போராட வேண்டியிருந்தது.

எமது வளவில் நாமே ஊற்றும் ஒயிலுக்கு வழக்காட ஆள் இல்லை. டீசல் வாகனத்தினதோ நீரிறைக்கும் இயந்திரத்தினதோ பழைய ஒயிலைக் கலனில் எடுத்துச் சேவிஸ் நிலையத்திற் கொடுங்கள். கிணற்றடியில் ஒயில் மாற்றாதீர்கள். மின்வாகனத்தில் இந்த ஒயில் இல்லை என்பது சாட்டி போன்ற நிலத்துக்குப் பெரிய நன்மை. ஆனால் அதன் பற்றரியும் ஒருநாள் பழசாகும். அதை உடைத்து வளவிற் போடுவது ஒயிலைவிடக் கேடாகலாம். விற்பவர் பழைய பற்றரியைத் திருப்பி எடுப்பாரா என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

பாவித்த மின்வாகனம் வாங்குவோர் கவனிக்க

• ஜப்பானிலிருந்து பாவித்து வந்த நிசான் லீப் கார்களில் பற்றரியைக் குளிர்விக்கும் தனி ஏற்பாடு இல்லை. வெப்ப இடங்களில் பற்றரி விரைவில் தேயும். முகப்பில் பற்றரி நிலையைக் காட்டும் கட்டைகள் 12 இருக்க வேண்டும். எத்தனை எஞ்சியுள்ளன என்று எண்ணுங்கள்.

• முழுதாக மின்னேற்றி, ஆட்களையும் ஏற்றி, சாட்டிக்கு இரண்டு தடவை போய்வந்து பாருங்கள். விற்பவர் சொல்லும் தூரத்தை நம்பி வாங்க வேண்டாம்.

• மின்னேற்றுவதற்குத் தனி வயர், நல்ல எர்த், ட்ரிப் சுவிட்ச் அவசியம். நீட்டு வயரிற் செருகி இரவிரவாக விடாதீர்கள்.

• மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்தேவை உச்சம். 10.30 இன் பின் மின்னேற்றுவது நல்லது.

• கடல்நீர் ஏறும் தாழ்நிலத்தில் நிறுத்தாதீர்கள். 2022 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் புயலால் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில பின்னர் தீப்பற்றின. மூழ்கிய வாகனத்தை வீட்டுக்குள் கொண்டுவரவோ மின்னேற்றவோ கூடாது.

• உயர் மின்னழுத்தம் தெரிந்த திருத்துநர் யாழ்ப்பாணத்தில் யார் என்று விசாரித்து அறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

எமது கருத்து

உழவுக்கும் பாரத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் இப்போதுள்ள டீசல் இயந்திரத்தை ஒழுங்காகப் பராமரித்து வைத்திருப்பதே புத்தி. ஓடக்கூடிய வானை விற்றுவிட்டு மின்கார் வாங்கக் கடன்படுவதால் தனிக் குடும்பத்துக்கு நன்மை இல்லை. செருகிக் கலப்பு வாகனம், சொந்தச் செருகியும் அடிக்கடி நெடும்பயணமும் உள்ளவருக்கு மட்டும் பொருந்தும். மின்சாரத்துக்கு மாறுவதானால் முதலில் மாற வேண்டியது நாள் முழுவதும் குறுந்தூரம் ஓடும் முச்சக்கர வண்டியும், பல குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாகனமும்.

எதை வாங்கினாலும் காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள். லீசிங் தவணை மாதாமாதம் வரும். வெங்காயக் காசு போகத்துக்குப் போகமே வரும். மூன்று தவணை தவறினால் வாகனம் போகலாம். உறுதி போனால், முப்பது வருடத்துக்கு மேலாக எந்த மண்ணுக்குத் திரும்பக் காத்திருந்தோமோ அந்த மண்ணே போய்விடும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குழுவில் உள்ள குடும்பங்கள் ஒரு வாரத்தில் எத்தனை தடவை, எந்நேரத்தில் காணிக்குப் போய்வருகின்றன? எத்தனை பயணங்களை ஒன்றாகச் சேர்க்கலாம்?

2. ஒரு மாதத்துக்கு எரிபொருளுக்கும் வாடகைக்கும் நாம் எல்லாருமாகச் செலவிடும் தொகை எவ்வளவு?

3. சூரியத் தகடு போடக்கூடிய பொதுக் கூரை எமது பகுதியில் எது? அதற்குப் பொறுப்பானவர்களோடு யார் பேசுவது?

4. பொதுவாகனம் பழுதடைந்தால் செலவை எவ்வாறு பகிர்வது? சாரதிக்குச் சம்பளம் எவ்வளவு? கணக்கை யார் எழுதுவது?

இந்த நான்காவது கேள்விக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட விடை தாளில் எழுதப்படும்வரை, வாகனம் பார்க்கப் புறப்பட வேண்டாம்.